பொன்னாடை போதாது!

ஆண்டுதோறும் க. பொ. த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவந்ததும் திருகோணமலையில் ஒரே காட்சியைக் காண்கின்றோம். கல்லூரி வாயிலில் வாழ்த்துப் பதாகை ஏறுகிறது. சிறப்பாகச் சித்தியெய்திய மாணவன் மேடைக்கு அழைக்கப்படுகிறான். பிரமுகர் ஒருவர் பொன்னாடை போர்த்துகிறார். இன்னொருவர் நினைவுச் சின்னம் வழங்குகிறார். மூன்றாமவர் நீண்டதொரு சொற்பொழிவு ஆற்றுகிறார். கூட்டம் கலைகிறது. மறுநாட் காலை அம்மாணவனின் தாய், கழுத்திற் கிடந்ததைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடையின் படியேறுகிறாள். பொன்னாடையை அடகு பிடிப்பார் எவருமில்லை.

பாராட்டுவது பிழையென்று நாம் சொல்லவில்லை. படித்த பிள்ளையைப் பாராட்டாத ஊர் உருப்படாது. ஆனால், பாராட்டோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா என்பதே கேள்வி. மேடையேறிய ஒரு மாணவனுக்குப் பின்னால், வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்ட எத்தனையோ மாணவர் இருக்கின்றனர். அவர்களுக்குப் பதாகையுமில்லை, பொன்னாடையுமில்லை, இனி என்ன செய்யப் போகிறாய் என்று அன்போடு கேட்பாருமில்லை. பதின்மூன்று ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளையைப் பரீட்சை முடிந்த மறுநாளே ஊர் மறந்துவிடுகிறது.

இந்நிலை மாற ஒரு வழியை இவ்வாரம் வாசகர் முன் வைக்கின்றோம். திருமலை நகரிலும் துறைமுகத்தைச் சூழ்ந்த கிராமங்களிலும் ஊருக்கொரு கணினிக் கழகம் தோன்ற வேண்டும். பள்ளிப்படிப்பை முடித்து வெளியேறும் மாணவருக்கு அக்கழகம் மாதந்தோறும் புலமைப்பரிசில் வழங்க வேண்டும். மேடையில் ஒருநாள் கொடுத்து மறக்கும் பரிசன்று நாம் கேட்பது. பிள்ளை தன் காலில் நிற்கும்வரை தொடரும் உதவியையே கேட்கின்றோம்.

“இது அரசாங்கத்தின் வேலையல்லவா?” என்று சிலர் உடனே வினவுவர். அரசாங்கத்தின் வேலைதான். அதை நாம் ஒருபோதும் மறுக்கப் போவதில்லை. ஆயினும் திருமலையின் கல்வி வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்குமாறு அவர்களை வேண்டுகின்றோம். 1897ஆம் ஆண்டில் இந்துக் கல்லூரி தோன்றியபோது அதற்குக் கைகொடுத்தவர் யார்? 1923ஆம் ஆண்டில் நம் பெண் பிள்ளைகளுக்கெனச் சண்முக வித்தியாலயத்தை நிறுவியவர் தங்கம்மா சண்முகம்பிள்ளை என்ற பெருமாட்டி அல்லவா? இராமகிருஷ்ண சங்கத்தின் பொறுப்பில் இந்துக் கல்லூரி இருந்த நாளில் அதை வழிநடத்தியவர் சுவாமி விபுலாநந்தர். அவர் தமிழ்ப் பண்டிதர் மட்டுமல்லர். விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவார். பின்னாளில் விஞ்ஞானத்தைத் தமிழிற் படிப்பதற்கான கலைச்சொற்களை ஆக்கும் பணியிலும் முன்னின்று உழைத்தவர். 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. இலவசக் கல்வி ஏழையின் வீட்டில் ஏற்றிய விளக்கென்பதில் ஐயமில்லை. ஆனால், அதன்பின் “இனி எல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்” என்ற நினைப்பும் நம்மிடையே மெல்ல வேரூன்றிவிட்டது. அந்த நினைப்புக்கு நாம் கொடுத்துவரும் விலை பெரிது.

பல்கலைக்கழகத்தின் கதையும் இதுவே. திருமலையில் ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று தமிழ் பேசும் மக்கள் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் குரலெழுப்பினர். 1974இல் யாழ்ப்பாணத்தில் வளாகம் திறக்கப்பட்டது. 1986இல் மட்டக்களப்பு வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. 2001இல் அதன் திருகோணமலை வளாகம் அமைந்தது. இன்று கோணேசபுரியில் அவ்வளாகம் கடலைப் பார்த்து நிற்கின்றது. கணினி விஞ்ஞானமும் அங்கே கற்பிக்கப்படுகிறது. கேட்டதில் ஒரு பகுதியேனும் கிடைத்தது என்று மகிழ்வோம். ஆனால், கோணேசபுரியில் வளாகம் எழுந்துவிட்டதால் மட்டும் கோணேசபுரிப் பிள்ளைக்கு அதில் இடம் கிடைத்துவிடாது. இலங்கை முழுவதற்குமான இசட் புள்ளிகளைக் கொண்டே இடங்கள் பகிரப்படுகின்றன. நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில்; ஐம்பத்தைந்து வீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையில்; எஞ்சிய ஐந்து வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்கள் பதினாறுக்கு. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று! உலகம் வியக்கும் இயற்கைத் துறைமுகத்தைக் கொண்ட மாவட்டம், கல்வியிற் பின்தங்கியதென்ற பட்டியலில் நிற்கின்றது. இதைப் படிக்கும்போது நம் நெஞ்சு சுடவேண்டாமா?

நாடு முழுவதிலும் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடமுண்டு. அந்த ஒருவருக்கு 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த மகாபொல உதவி கிடைக்கலாம். 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் அதனை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தியது. நல்லதே. ஆனால், அந்த உதவி பல்கலைக்கழகத்தின் உள்ளே காலடி வைத்தவருக்கே உரியது. வாயிலுக்கு வெளியே நிற்கும் மற்ற மூவருக்கு என்ன உண்டு?

உள்ளே செல்லும் அந்த ஒருவருக்குங்கூட, பரீட்சைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே நீண்டதொரு பாலைவனம் கிடக்கின்றது. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியிலும் பெப்ரவரியிலுமே நடைபெற்றது. பெறுபேறு வெளிவந்ததோ அவ்வாண்டு செப்டெம்பரில். அதன்பின் விண்ணப்பம், வெட்டுப்புள்ளி, பதிவு என்று மாதங்கள் உருண்டன. இத்தனை காலமும் தம்பலகாமத்துக் கமக்காரனின் மகன் எதைச் செய்வான்? மூதூர் மீனவனின் மகள் எங்கே செல்வாள்? ஒருவன் கடையிற் கணக்கெழுதப் போகிறான். ஒருவன் கூலிக்கு மூட்டை சுமக்கிறான். இன்னொருவன் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு வளைகுடா நாட்டுக்கு விமானமேறுகிறான். பெண் பிள்ளைக்குக் கலியாணம் பேசத் தொடங்குகிறார்கள். பரீட்சை மண்டபத்தில் நாம் பிள்ளைகளை இழப்பதில்லை. இந்த இடைவெளியிலேதான் இழக்கின்றோம். ஆதலால் ஊரவரின் உதவி வரவேண்டிய வேளையும் இதுவே.

சரி, உதவி வேண்டும். அது கணினிக் கழகத்தின் வழியாக ஏன் வரவேண்டும்? இதற்கு இரண்டு காரணங்களைக் கூறுவோம்.

முதலாவது மொழி. 1956ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் இதே திருமலையிற் கூடிய தமிழரசுக் கட்சி மாநாட்டுக்குத் தமிழ் பேசும் மக்கள் தொலைதூரங்களிலிருந்து கால்நடையாக வந்து சேர்ந்தனர். அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று மொழிக்குச் சம அந்தஸ்து. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் ஓர் அரச கரும மொழி என்றது. 1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழை நிருவாக மொழியாக்கியது. சட்டப் புத்தகத்தில் உரிமை ஏறிவிட்டது. ஆனால், இன்று அலுவலகத்தின் பேனா எது? கணினிதான்! அதிலே தமிழைப் பிழையின்றித் தட்டவும், தமிழிற் பதிவேடுகளைப் பேணவும், தமிழ்ப் படிவங்களை ஆக்கவும் பயின்றவர்கள் நம்மிடம் இல்லையென்றால், சட்டப் புத்தகத்திலுள்ள உரிமை அங்கேயே உறங்கும். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து, சிங்கப்பூர் சென்று, தமிழுக்குத் தட்டச்சுப் பொறியை ஆக்கித் தந்த ஆர். முத்தையா நம்மவர். இயந்திரத்துக்குத் தமிழ் கற்பித்தவரின் வழித்தோன்றல்கள், தமிழ்க் கடிதமொன்றைத் தட்டுவதற்கு ஆள் தேடி அலைவது அழகாகுமா?

இரண்டாவது துறைமுகம். 1957ஆம் ஆண்டு பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் சென்றனர். அவர்கள் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் அங்கே உள்ளன. அவற்றை மீண்டும் பயன்படுத்த 2022 ஜனவரியில் இந்தியாவோடு உடன்படிக்கை செய்யப்பட்டது. 2025 ஏப்ரல் 5ஆம் நாள், திருமலையை எரிசக்தி மையமாக்குவதற்கு இலங்கையும் இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் ஒப்பமிட்டன. அன்றே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்னிலையத்தின் வேலை தொடக்கி வைக்கப்பட்டது. சம்பூர் எந்தச் சம்பூர்? 2006ஆம் ஆண்டுப் போரில் ஊரோடு பெயர்த்தெறியப்பட்டு, 2015ஆம் ஆண்டிலேதான் மக்கள் தம் மண்ணுக்குத் திரும்பத் தொடங்கிய அதே சம்பூர். இந்த ஒப்பந்தங்களால் வரும் நன்மை தீமைகளைப் பிறிதொரு வாரத்தில் ஆராய்வோம். இன்று ஒன்றை மட்டும் கேட்கின்றோம். நாளை அங்கே தாங்கிகளின் அளவையும் மின்னோட்டத்தின் போக்கையும் கணினித் திரையிற் பார்த்து இயக்கப் போகிறவர் யார்? சம்பூர்ப் பிள்ளை அத்திரையின் முன் அமருமா? அல்லது வெளி வாயிலிற் காவலாளியாக நிற்குமா? இதற்கு விடை ஒப்பந்தத் தாளில் இல்லை. இன்று பள்ளியை விட்டு வெளியேறும் பிள்ளைக்கு நாம் என்ன செய்கின்றோம் என்பதிலேயே இருக்கின்றது.

கணினிக் கழகம் என்றதும் மாட மாளிகையை எவரும் எண்ணவேண்டாம். ஒரு சனசமூக நிலையத்தின் அறை போதும். கோயில் மண்டபமோ பள்ளிவாசற் கூடமோ போதும். ஐந்தாறு கணினிகளும் இணைய இணைப்பும் வேண்டும். மாலையில் திறந்து இரவில் மூட ஒருவர் வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர், பொறியியலாளர், வங்கி உத்தியோகத்தர் ஆகியோர் முறைவைத்து வந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் சிற்றூர்களிற்கூட இத்தகைய கழகங்கள் உண்டு. ஓய்வுபெற்றோர் ஒன்றுகூடிக் கணினி பழகுவர், பழையவற்றைப் பழுதுபார்ப்பர், சேர்ந்த பணத்தில் உள்ளூர்ப் பள்ளியை முடித்து வெளியேறும் மாணவருக்குப் புலமைப்பரிசில் வழங்குவர். வசதி மிகுந்த நாட்டினர் இதைத் தம் கடமையென்று கொள்ளும்போது, நாம் வாளாவிருக்கலாமா?

நம் நாட்டிலும் 2005ஆம் ஆண்டு முதல் ‘நெனசல’ என்ற பெயரில் அரசாங்கம் கணினி நிலையங்களை அமைத்தது. ஊரவர் தம்முடையதென்று கருதிப் பேணிய இடங்களில் அவை பயன் தந்தன. பொறுப்பேற்பார் இல்லாத இடங்களில் அவை நிலைக்கவில்லை. கொழும்பு தந்த கணினி பழுதானால் கொழும்பே வந்து திருத்தட்டும் என்று காத்திருந்தால், பூட்டுத்தான் துருப்பிடிக்கும். இந்தப் பாடத்தை நாம் மறக்கலாகாது.

இனிப் புலமைப்பரிசிலுக்கு வருவோம். அதற்குச் சில விதிகள் வேண்டுமென்பது நம் கருத்து.

பரீட்சை முடிந்த மாதத்திலிருந்தே உதவி தொடங்க வேண்டும். பெறுபேறு வரும்வரை காத்திருக்கலாகாது. வழங்குவதிற் பாதியேனும் பல்கலைக்கழக இடம் கிடையாதவர்களுக்கு ஒதுக்கப்படல் வேண்டும். அவர்களுக்கு வழியே இல்லை என்பது பொய். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தை நடத்தி வருகின்றது; வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதலாம். உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம் திருமலையிலேயே உண்டு. தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழுக்கான பயிற்சிகளும் உண்டு. இல்லாதது பரீட்சைக் கட்டணமும் பேருந்துச் செலவும், படிப்பதற்கு ஓர் இடமும், நீ செய்வாய் என்று சொல்லும் ஒரு குரலுமே.

தெரிவிலே குடும்பத்தின் தேவையும் மாணவரின் முயற்சியும் மட்டுமே பார்க்கப்படல் வேண்டும். சாதி பார்ப்பவனும், கட்சி பார்ப்பவனும், மைத்துனன் மகனைப் பார்ப்பவனும் அக்குழுவில் இருத்தலாகாது. வறுமைக்கு மதமில்லை, கிண்ணியாப் பிள்ளையும் சாம்பல்தீவுப் பிள்ளையும் ஒரே வாங்கில் அமரட்டும். கழகத்தின் வரவு செலவுக் கணக்கு, மூன்று மாதத்துக்கொரு முறை அறையின் கதவிலேயே ஒட்டப்படட்டும். உதவி பெறுபவர் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால், வாரத்தில் இரண்டு மணி நேரம் தமக்கு இளையவருக்குக் கற்பித்தல் வேண்டும். அப்போதுதான் அது பிச்சையாகாது.

பணத்துக்கு எங்கே போவது? கணக்கைப் பாருங்கள். நூறு பேர் மாதம் ஐந்நூறு ரூபா வீதம் கொடுத்தால் ஐம்பதினாயிரம் ரூபா சேரும். ஐந்து மாணவருக்கு மாதம் பத்தாயிரம் ரூபா வீதம் வழங்க அது போதும். வைத்தியர், சட்டத்தரணி, கணக்காளர், ஆசிரியர் என்று உத்தியோகம் பார்க்கும் நூறு பேர் நம் நகரில் இல்லையா? அவர்களிற் பலர் இலவசக் கல்வியின் பிள்ளைகளே. தாம் ஏறிவந்த ஏணியை மேலே இழுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகின்றோம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள பழைய மாணவர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த வரவேற்பு வளைவுகள் அழகாகவே இருக்கின்றன. அடுத்த வளைவை ஓராண்டு தள்ளிவைத்து, அப்பணத்தை ஒரு கழகத்தின் ஈராண்டுச் செலவுக்கு அனுப்புங்கள். உங்களூரில் எவரும் தொடாத பழைய கணினிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பவும் வேண்டாம். நம் பிள்ளைகள் பழுது பார்த்தே முதுமையடைவார்கள்.

கமக்காரச் சகோதரர்களே! “கணினிக்கும் கலப்பைக்கும் என்ன உறவு?” என்று நீங்கள் கேட்கலாம். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு வயல்கள் வாடியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அறிவித்தல் எப்போது வந்தது, யார் விதித்தது, எப்போது நீக்கப்பட்டது, மானியம் எந்த வங்கிக் கணக்குக்கு வரும் என்பவற்றை அறிய, நீங்கள் எத்தனை நாள் கமநல சேவை நிலையத்துக்கு அலைந்தீர்கள்? மழை அறிவித்தல், குளத்தின் நீர்மட்டம், நெல்லின் விலை யாவும் இன்று கணினியின் வழியே வருகின்றன. அவற்றைத் தமிழிற் படித்துச் சொல்ல உங்கள் ஊரிலேயே ஒரு பிள்ளை இருந்தால், இடைத்தரகன் சொன்னதே விலையென்று தலைகுனிய வேண்டியதில்லை. குளத்தையும் கோயிலையும் ஒருங்கே பேணியவன் என்று குளக்கோட்டனைத் தம்பலகாமத்து முதியோர் இன்றும் போற்றுவர். கோயிலுக்கென்று நெல் அளந்து வைக்கும் வழக்கம் உங்களுக்குப் புதிதன்று. பெரும்போக அறுவடையில் ஏக்கருக்கு ஒரு மரைக்கால் நெல்லைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று அளந்து வையுங்கள். கோணேசர் கோபிக்க மாட்டார்.

திருமலை நகரத்துக்கு மட்டும் தனியாக ஒன்று சொல்ல விரும்புகின்றோம். 2006 ஜனவரி 2ஆம் நாள் மாலை, நம் கடற்கரையில், காந்தி சிலைக்கு அண்மையில், ஐந்து தமிழ் மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். உயர்கல்வியை எதிர்நோக்கிய வயதினர் அவர்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. 2019 ஜூலையில், போதிய சாட்சியம் இல்லையென்று, குற்றஞ்சாட்டப்பட்டிருந்த பதின்மூவரும் விடுவிக்கப்பட்டனர். நீதிக்கான குரலை நாம் தாழ்த்தப் போவதில்லை. ஆயினும் ஆண்டுக்கொருமுறை விளக்கேற்றுவதோடு அவர்களின் நினைவு நின்றுவிடலாமா? நகரத்துக் கணினிக் கழகம் ஐந்து புலமைப்பரிசில்களோடு தொடங்கட்டும். பெற்றோர் இசைந்தால், அவை அந்த ஐவரின் பெயரால் வழங்கப்படட்டும். அவர்கள் சென்றிருக்க வேண்டிய வகுப்பறைக்கு ஆண்டுதோறும் ஐந்து பிள்ளைகள் செல்லட்டும்.

இவ்வாறு சொல்வதால் அரசாங்கத்தை நாம் கடமையிலிருந்து விடுவிக்கவில்லை. பரீட்சைக்கும் பல்கலைக்கழக நுழைவுக்கும் இடைப்பட்ட காலம் குறுக வேண்டும். திருகோணமலை வளாகத்திற் கணினிக் கல்விக்கான இடங்கள் பெருக வேண்டும். கிழக்கின் ஒவ்வொரு அலுவலகத்திலும் தமிழ்ப் படிவம் கேட்டவுடன் கிடைக்க வேண்டும். துறைமுகத்திலும் சம்பூரிலும் எழும் தொழில்களில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் பங்கும் எழுத்தில் உறுதி செய்யப்பட வேண்டும். இவற்றை நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்கட்டும். கேட்டதை மக்களுக்கு அறிவிக்கட்டும். ஆனால், தன் பிள்ளைக்குத் தான் ஒரு கவளம் ஊட்டாதவன் அயலானிடம் சோறு கேட்டால் எவரும் மதிப்பதில்லை. உரிமை கேட்கும் கைக்கு உழைப்பின் தழும்பும் வேண்டும்.

அடுத்த உயர்தரப் பெறுபேறு வெளிவரும் நாளில் வழக்கம்போல் பதாகைகள் ஏறும், பொன்னாடைகள் விரியும். அதற்கு முன்னதாக ஓர் ஊரிலேனும் ஓர் அறை திறக்கப்படட்டும். ஒரு பெயர்ப் பட்டியல் எழுதப்படட்டும். முதல் மாதத்துப் பணம் ஒரு பிள்ளையின் கையிற் சேரட்டும். எந்த ஊர் முந்துகிறதோ அந்த ஊரின் பெயரை இவ்விதழின் முதற் பக்கத்திற் பொறிக்க நாம் ஆவலோடு காத்திருக்கின்றோம். தம்பலகாமமா? மூதூரா? வெருகலா? நகரமேதானா? திருமலை மக்கள் விடை தரட்டும்!